ழகரம் வராத பிள்ளைகள்

குழந்தைகளின் பேச்சு ஒலிக் குறைபாடு பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் கூடவே வருகிறது. எங்க திமிரியில் ஒரு பிள்ளை "வாயப்பயம்" என்று சொன்னால் அது குறையா, வழக்கா? ஆற்காட்டிலிருந்து சென்னை வரைக்கும் பெரியவங்களே அப்படித்தானே பேசுறாங்க. தெற்கே போனால் அதே பழம் "பளம்".

ழகரத்தின் சரித்திரமே இதுதான். நமக்கு ஏழு, கோழி. தெலுங்கில் ஏடு, கோடி. கன்னடத்தில் ஏளு, கோளி. பழங்கன்னடத்தில் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்து, பின்னால் வழக்கொழிந்தது. (1751 ஆற்காட்டுப் போரை எழுதிய வெள்ளைக்காரர்கள் திமிரியை "டிமெரி" ஆக்கினார்கள். அவங்களை யாரும் வைத்தியரிடம் அனுப்பவில்லை!)

தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் சேர்த்தே சொல்கிறார்: நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடினால் இரண்டும் பிறக்கும். வருடுவதுதான் சின்ன நாக்குக்குக் கஷ்டம். உதடு ஒட்டினாலே பகரமும் மகரமும் வந்துவிடும். 27 மொழிகளின் ஆய்வுகளை 2018-இல் தொகுத்த மெக்லியோடும் க்ரோவும் இதையேதான் கண்டார்கள்: அடைப்பொலியும் மூக்கொலியும் முதலில், வருடொலியும் உரசொலியும் பிறகு, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்கள் வந்துவிடும்.

ஆனால் அளவுகோல் அந்தந்த மொழிக்கு உரியதாக இருக்கணும். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கியது 1965-இல். கன்னடத்துக்கான உச்சரிப்புச் சோதனை 1972-இல் வந்தது. தோல் பட்டறை ஊர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் தக்கனி உருது. நூல் உருதுவில் தொண்டையடியில் அடைத்து எழும் ககரத்தைத் தக்கனிக்காரர்கள் உரசலாகவே ஒலிப்பார்கள். லக்னோ காதுக்கு அது பிழை. ஆம்பூர்ப் பிள்ளைக்கு அது தாத்தா பேச்சு.

அதுக்காக எல்லாத்தையும் வழக்குன்னு தள்ளிடவும் முடியாது. எந்த ஊர்த் தமிழிலும் காக்கா "தாத்தா" ஆவதில்லை, கடை "தடை" ஆவதில்லை. மூணு வயசில் சிரிச்சுட்டு விடலாம். அஞ்சு வயசிலும் அப்படியே சொன்னால், "போகப்போக சரியாயிடும்" என்று காத்திருக்காமல் முதலில் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கணும். பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது வீட்டில் என்ன மொழி, பாட்டி எப்படிப் பேசுவார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.