உள்ளே போன சீனிவாசன்

பாரதி 1908இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதே கதையில் ஜெயிலுக்குப் போன ஒருத்தரும் இருக்கிறார். எம். சீனிவாசன். பாரதி பற்றிய பேச்சில் இவருக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிசு.

சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் உயிர் பாரதியின் எழுத்து. அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பெயரோ சீனிவாசனுடையது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரிகையை அச்சிடுபவர், வெளியிடுபவர் யார் என்று மாஜிஸ்திரேட் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு வந்தால் அந்தத் தாளே சாட்சி. மறுக்க ஆதாரம் இல்லையென்றால் மாட்டிக்கிட்ட மாதிரிதான். கட்டுரையை எழுதிய கை யாருடையது என்று போலீஸ் தேடி அலைய வேண்டியதில்லை. ராஜத்துரோக வழக்கில் சீனிவாசனுக்கு 5 ஆண்டு தண்டனை. பாரதி அதற்குள் எல்லை தாண்டியிருந்தார்.

இன்று சமூக ஊடக நிறுவனங்களை வைத்து நீதிமன்றங்களில் நடக்கிற வாதமும் இதைச் சுற்றித்தான்: எழுதியவர் சிக்கவில்லை என்றால், எழுத இடம் கொடுத்தவரைப் பிடிக்கலாமா?

1908 அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. இங்கே இருந்தது பிரான்சின் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம். காலனிகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. முன் அனுமதி வேண்டாம், ஜாமீன் தொகையும் கட்ட வேண்டாம். பொறுப்புக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் பத்திரிகை நிர்வாகி அல்லது பதிப்பாளர். அவர் இல்லையென்றால் எழுதியவர். அவரும் இல்லையென்றால் அச்சகக்காரர். கடைசியில்தான் விற்பவரும் சுவரொட்டி ஒட்டுபவரும். அச்சகக்காரரின் முறை வருவதற்கு முன்னால் இரண்டு பேர் காணாமல் போயிருக்க வேண்டும்! பிரெஞ்சுக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. சீனிவாசனையும் இந்தச் சட்டம் முதல் ஆளாகத்தான் பிடித்திருக்கும். ஆனால் வார்த்தைக்கு அருகில் இருப்பவர், தள்ளி இருப்பவர் என்ற வித்தியாசமாவது அதற்குத் தெரிந்திருந்தது.

பிரிட்டிஷார் வேறு வழி பார்த்தார்கள். இதழ் தங்கள் எல்லைக்குள் நுழையத் தடை போட்டார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் இருக்கும்போது பத்திரிகை என்ன செய்யும்? 1910 மார்ச்சில் நின்றுபோனது. அதே ஆண்டு வந்த பிரிட்டிஷ் பத்திரிகைச் சட்டம், புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கேட்டது. அரசுக்குப் பிடிக்காததை அச்சடித்தால் பணம் பறிபோகும். இதைவிட மலிவான தணிக்கை உண்டா? அச்சகக்காரரே பயந்து பயந்து படித்துப் பார்ப்பார், சம்பளமில்லாமல்.

2012 அக்டோபர், அதே புதுச்சேரி. மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய தொழிலதிபர் ஒருவர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். இம்முறை உள்ளே போனது எழுதியவர். இடம் கொடுத்த நிறுவனத்துக்கு அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்பு தந்தது. தவறான பதிவு என்று தெரியவந்த பிறகும் நீக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

‘தெரியவந்த’ என்றால் என்ன? வில்லங்கமே அங்கேதான். 2011 விதிகளின்படி, பாதிக்கப்பட்டதாகச் சொல்கிற யாரும் எழுதிக் கொடுத்தால் போதும். 36 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கையில் இறங்கியாக வேண்டும். எதுக்கு வம்பு என்று தூக்கிவிடுவதுதான் லாபம். 1910இன் ஜாமீன் தொகை வேறு வேஷத்தில் வந்து நின்றது.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. 79ஆம் பிரிவில் ‘தெரியவருவது’ என்றால் நீதிமன்ற ஆணை அல்லது அரசின் அறிவிக்கை வருவதுதான் என்றும் சொன்னது. அடுத்தவர் எழுத்தைத் தாங்கி நிற்பவருக்கு அந்த ஆணை வரும்வரை ஒரு அவகாசம் உண்டு. சீனிவாசனைப் பிடித்த சட்டத்தில் அப்படியொரு அவகாசமே இல்லை.