புலம்பல் (விவிலிய நூல்)

புலம்பல் என்பது எபிரேய விவிலியத்திலும் கிறித்தவப் பழைய ஏற்பாட்டிலும் உள்ள ஐந்து இரங்கற்பாக்களின் தொகுப்பு. கி.மு. 587 அல்லது 586-இல் பாபிலோனியப் படை எருசலேமை அழித்ததைப் பாடுகிறது. 5 அதிகாரங்கள், 154 வசனங்கள் கொண்ட சிறு நூல். துன்பத்திலும் ஐயத்திலும் கிடப்பவர்கள் ஆறுதல் தேடித் திறக்கும் பகுதிகளாகச் சங்கீதங்கள், யோபு ஆகியவற்றோடு இதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் இந்நூலில் நம்பிக்கை இருக்குமிடம் கடைசிப் பக்கம் அன்று. சரியாக நடுவில், மூன்றாம் பாடலின் நடுவில், அது இருக்கிறது. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது.

பெயர்

எபிரேய மரபு இந்நூலை அதன் முதற்சொல்லாலேயே 'ஏகா' என்று அழைக்கிறது. 'ஐயோ, இப்படி ஆயிற்றே' என்ற தொனியில் இழவுப் பாட்டைத் தொடங்கும் சொல் அது. கிரேக்க மொழிபெயர்ப்பில் பெயர் 'த்ரேனோய்', அதாவது இரங்கற்பாக்கள். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'எரேமியாவின் புலம்பல்' என்றும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'புலம்பல்' என்றும் தலைப்பிட்டன. 'சும்மா புலம்பாதே' என்று அலட்சியமாகச் சொல்லுமளவுக்கு இன்று இச்சொல் தேய்ந்துவிட்டது. தொல்காப்பிய உரியியலிலோ புலம்பு என்றால் தனிமை. நூலின் முதற்காட்சியும் அதுதான்: மக்கள் நிறைந்திருந்த நகரம் கைம்பெண்ணைப்போலத் தனியே உட்கார்ந்திருக்கிறது. பழைய பொருளிலும் சொல் பொருந்தி நிற்கிறது.

பின்னணி

கி.மு. 597-இலேயே எருசலேம் ஒருமுறை பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரிடம் பணிந்திருந்தது. அவன் அரியணையில் அமர்த்திய சிதேக்கியா பின்னர் கிளர்ந்தெழவே, பாபிலோனியர் நகரை மீண்டும் முற்றுகையிட்டனர். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் தரும் கணக்குப்படி முற்றுகை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது. உணவு தீர்ந்தது, மதில் உடைந்தது, தப்பி ஓடிய அரசன் பிடிபட்டான். அவன் கண்முன்னே அவன் பிள்ளைகளைக் கொன்றார்கள். பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். சாலொமோன் கட்டிய ஆலயம் எரிக்கப்பட்டது. இறைவன் குடியிருக்கும் இடம் என்று நம்பியதே சாம்பலானபோது, எரிந்தது கட்டடம் மட்டுமன்று என்பதை இப்பாடல்கள் அறிந்திருக்கின்றன.

பாடியவர் இறைவாக்கினர் எரேமியா என்பது கிரேக்க மொழிபெயர்ப்பின் முன்குறிப்பிலிருந்து வேரூன்றிய மரபு. ரெம்பிராண்ட் 1630-இல் தீட்டிய, கன்னத்தில் கைவைத்துச் சோர்ந்திருக்கும் எரேமியாவின் ஓவியமும் இம்மரபின் வழிவந்ததே. எபிரேயப் பாடம் ஆசிரியர் பெயரைச் சொல்வதில்லை. அழிவைக் கண்ணால் கண்ட, அல்லது அதன் நிழலில் வாழ்ந்த ஒருவரோ பலரோ பாடியவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. உதவிக்கு வராத நாட்டை எதிர்பார்த்துக் கண் பூத்துப்போனதாக நான்காம் பாடலில் வரும் ஏக்கம், எகிப்தை நம்பாதீர்கள் என்று எச்சரித்துவந்த எரேமியாவின் வாய்க்குப் பொருந்தாது.

வடிவம்

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். முதல் நான்கு பாடல்களும் அந்த எழுத்து வரிசையில் தொடங்கும் பாடல்கள். ஆத்திசூடி படித்த வாசகருக்கு இந்த உத்தி புதிதல்ல. 1, 2, 4 ஆகிய அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனம். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, எழுத்து வரிசைதான் இல்லை. முதலிரண்டு பாடல்களில் ஏறத்தாழ எல்லா வசனங்களும் மூன்றடி, நான்காவதில் இரண்டடி, ஐந்தாவதில் ஓரடி. அழுது அழுது தொண்டை கட்டிப்போவதுபோல் குரல் சுருங்குகிறது. அடியின் முற்பாதி நீண்டும் பிற்பாதி குறுகியும் தடுக்கி நடக்கும் இந்த யாப்பை 1882-இல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். 'கினா', அதாவது இழவுப்பாட்டு, என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

எல்லாம் சிதறிப்போன ஊரைப் பாட இவ்வளவு கட்டுக்கோப்பு எதற்கு? துயரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்ப்பதற்கு என்று ஒரு விளக்கம் உண்டு. கரையில்லாத துயரத்துக்கு எழுத்துகளாவது கரை கட்டட்டும் என்றும் கொள்ளலாம். எனக்கு இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. மொழிபெயர்ப்பில் இந்த வரிசை முழுவதும் மறைந்துவிடுகிறது.

நம்பிக்கையின் இடம்

முதற்பாடலில் சீயோன் என்று அழைக்கப்படும் எருசலேம் நகரம் பெண்ணாக அழுகிறது. தேற்றுவார் இல்லை என்பது அந்த ஒரு பாடலில் மட்டும் ஐந்துமுறை வருகிறது. இரண்டாம் பாடல் இறைவனையே பகைவன் என்கிறது. பசியால் தாய்மார் பெற்ற பிள்ளைகளையே உண்ணும் நிலையைக் காட்டி, யாருக்கு இப்படிச் செய்தாய் என்று பார், என அவரிடமே முறையிடுகிறது. தண்டனை நியாயமானதே என்று நூல் ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு; ஆனால் அந்த ஒப்புதல் முறையீட்டின் வாயை அடைப்பதில்லை.

மூன்றாம் பாடலில் அடிபட்ட ஓர் ஆண்குரல் பேசுகிறது. இறைவன் கரடியாகவும் சிங்கமாகவும் பதுங்கியிருந்து பாய்ந்தார், தன் பற்களைப் பருக்கைக்கல்லால் நொறுக்கினார் என்கிறது. 18-ஆம் வசனத்தில் நம்பிக்கை செத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்கிறது. மூன்று வசனங்கள் தாண்டி அதே மனிதன் ஒன்றை மனத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறான்: இறைவனின் பேரன்பும் இரக்கமும் தீரவில்லை, அவை விடியல்தோறும் புதிதாகின்றன. இடையில் எதுவும் நடக்கவில்லை. படை விலகவில்லை, ஊர் மீளவில்லை. மாறியது நினைவு ஒன்றே. இங்கே இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு வேர் உறவு உடையது. தாய்மையே குலைந்துபோன ஒரு நூலில் இந்தச் சொல் வருவது கவனிக்கத்தக்கது.

இந்த நம்பிக்கையும் உறுதியாக நெஞ்சு நிமிர்த்தி நிற்பதில்லை. 29-ஆம் வசனம் 'உலாய்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது: ஒருவேளை. முகம் புழுதியில் புதைந்து கிடப்பவன் ஒருவேளை நம்பிக்கை இருக்கலாம் என்கிறான். 44-ஆம் வசனத்துக்கு வருவதற்குள், வேண்டுதல் நுழைய முடியாதபடி மேகத்தால் தம்மை மூடிக்கொண்டவர் என்று மீண்டும் குற்றச்சாட்டு எழுகிறது. நூல் முழுவதும் இறைவன் நேரடியாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. அஞ்சாதே என்று எப்போதோ சொன்னதைப் பாடுபவர் நினைவுகூர்வது மட்டுமே உண்டு.

ஐந்தாம் பாடல் எங்களைத் திருப்பிக்கொள்ளும் என்று வேண்டிவிட்டு, எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்ற கலக்கத்தில் முடிகிறது. கடைசி வசனத்தின் எபிரேயத் தொடர் கேள்வியா, நிபந்தனையா, முடிவான கூற்றா என்பதில் மொழிபெயர்ப்புகள் இன்றும் வேறுபடுகின்றன. யூத வாசிப்பு மரபு அந்த வசனத்தோடு நிறுத்துவதில்லை. முந்தைய வசனத்தை இன்னொருமுறை உரக்கச் சொல்லி முடிக்கிறார்கள்.

வழிபாட்டில்

ஆலய அழிவுகளை நினைக்கும் ஆப் மாத ஒன்பதாம் நாள் நோன்பில் யூதர்கள் மங்கலான வெளிச்சத்தில், தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து இதை வாசிக்கிறார்கள். கத்தோலிக்க மரபில் புனித வாரத்தின் கடைசி நாள்களில் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பாடும் 'டெனெப்ரே' வழிபாட்டில் இது இடம்பெற்றது. வசனங்களுக்கு முன்னால் ஆலெஃப், பேத் என்ற எழுத்துப் பெயர்களையும் சேர்த்துப் பாடுவது வழக்கம். தாமஸ் தாலிஸ், தொமாஸ் லூயிஸ் தெ விக்தோரியா, பிரான்சுவா கூப்பரான் ஆகியோர் இவ்வாசகங்களுக்கு இசையமைத்தவர்களுள் சிலர். மொழிபெயர்ப்பில் தொலைந்த எழுத்து வரிசை, பொருளற்ற அழகிய ஆலாபனையாக இசையில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மூன்றாம் அதிகாரத்தின் 22, 23-ஆம் வசனங்களிலிருந்து தாமஸ் சிஷோம் 1923-இல் எழுதிய ஆங்கிலப் பாமாலை உலகெங்கும் பரவியது. தமிழ்த் திருச்சபைகளின் நாட்காட்டிகளிலும், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் இவ்விரு வசனங்களைக் காணலாம். அட்டையில் கரடி வருவதில்லை.

ஏசாயா நூலின் 40-ஆம் அதிகாரம் தேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்குவதை, தேற்றுவார் இல்லை என்ற சீயோனின் குரலுக்கு வந்த மறுமொழியாக ஆய்வாளர் பலர் வாசிக்கிறார்கள். 49-ஆம் அதிகாரத்தில் சீயோன், இறைவன் தன்னைக் கைவிட்டார், மறந்தார் என்று குறைசொல்லும் இரு வினைச்சொற்களும் புலம்பலின் கடைசிப் பாடலில் உள்ளவையே. அங்கே, இங்கே இல்லாத ஒன்று நடக்கிறது: இறைவன் வாய்திறந்து, பால்குடிக்கும் குழந்தையைத் தாய் மறப்பாளா என்று திருப்பிக் கேட்கிறார்.