ஒரு பைசாவில் தொடங்கிய புத்தகம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடை. போன மாசம் அங்கேதான் தம்பி ஒருத்தன் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுப்புரம் பக்கத்துப் பஞ்சமி நிலம் கைமாறிய கதையை ஆறு வருஷம் அலைந்து எழுதியவன். பதிப்பாளர் ஒருவர், "பாதிச் செலவை நீங்க போடுங்க, தலைப்புல இருக்குற சாதிப் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "நம்ம ஆளுங்க ஆராய்ச்சி செஞ்சா அது புத்தகமே ஆகாதாண்ணே?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு வயசு நூறுக்கு மேல்.

அயோத்திதாசப் பண்டிதர் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத சித்த மருத்துவர். அவருடைய ஆராய்ச்சியை அச்சிட யாரும் காத்திருக்கவில்லை. அவரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். நாலு பக்கம், விலை பேரிலேயே இருக்கிறது. அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. சாதியின் தோற்றம், பௌத்தம், தமிழிலக்கியம் என்று இன்றைக்கு ஆய்வேடுகளுக்குத் தலைப்பாகிற விஷயங்களை அவர் வாராவாரம் எழுதினார். 'இந்திரர் தேச சரித்திரம்' அப்படித் தொடராக வந்ததுதான்.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுத்தை நூலாக்கிக் காப்பாற்றியது எந்தக் கல்விக்கூடமும் இல்லை. சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலைதான் அவற்றைச் சிறு சிறு நூல்களாக வெளியிட்டது. பழைய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. அதன் பிறகுதான் புதுவையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ராஜ் கௌதமனின் 'க. அயோத்திதாசர் ஆய்வுகள்' 2004இல் வர முடிந்தது. மூலம் அச்சில் இல்லையென்றால் ஆய்வு எங்கிருந்து வரும்? நம் ஆய்வுகள் அச்சேறாமல் போனால் அடுத்த தலைமுறை மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தம்பியிடம் சொன்னேன்: "ஆய்வேடு தேர்வாளருக்கு எழுதினது. புத்தகம் ஊருக்கு. முன்னாய்வுப் பட்டியலை வெட்டு. கிழவிங்க சொன்ன சாட்சியத்தையும் பட்டா நகலையும் முன்னால கொண்டா. ஒவ்வொரு இயலையும் சிற்றிதழ்ல கட்டுரையாப் போடு. அதைப் படிக்கிறவங்ககிட்டயே முன்பதிவுப் பணம் கேளு. எந்தப் பதிப்பாளர்கிட்டப் போனாலும் எத்தனை பிரதி, உரிமை யாருக்குன்னு எழுத்துல வாங்கு."

"தலைப்பு?"

"அதுல ஒரு எழுத்தையும் தொடாதே."