பீலேவா, மரடோனாவா, மெஸ்ஸியா, ரொனால்டோவா? ‘கோட்’ சண்டை ஏன் முடியவே மாட்டேங்குது?

2000-ம் ஆண்டு. ‘நூற்றாண்டின் சிறந்த கால்பந்து வீரர் யார்?’ என்று கேட்டு சர்வதேச கால்பந்து அமைப்பான ஃபிஃபா இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. மரடோனாவுக்கு 53.6 சதவீத வாக்குகள். பீலேவுக்கு 18.5 சதவீதம்தான். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தும் விஷயம் அதோடு முடியவில்லை. ‘இணையத்தில் வாக்களிப்பவர்கள் இளைஞர்கள், பீலே ஆடியதை அவர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள்’ என்று பேச்சு கிளம்பியது. உடனே நிபுணர் குழுவையும் தன் பத்திரிகை வாசகர்களையும் வைத்து ஃபிஃபா இன்னொரு தேர்வை நடத்தியது. அதில் பீலே முதலிடம். கடைசியில் ரோம் நகரில் நடந்த விழாவில் ரெண்டு பேருக்கும் விருது கொடுத்து அனுப்பினார்கள்.

ஃபிஃபாவாலேயே தீர்க்க முடியாத பஞ்சாயத்து இது. அதற்குப் பிறகு மெஸ்ஸியும் ரொனால்டோவும் வந்து சேர்ந்ததில் சண்டை இன்னும் பெரிதாகிவிட்டது. இந்த விவாதம் ஏன் முடியவே மாட்டேங்குது? ஒவ்வொரு தரப்பும் நீட்டும் கணக்கு எவ்வளவு தூரம் சரி? விரிவாகப் பார்க்கலாம்.

‘கோட்’ என்றால் என்ன?

‘எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ‘கோட்’. ஆங்கிலத்தில் அது ஆட்டையும் குறிக்கும் என்பதால்தான் சமூக வலைதளங்களில் மெஸ்ஸி, ரொனால்டோ படங்களுக்குக் கீழே ஆடு பொம்மை போடுகிறார்கள்.

போட்டியில் இருக்கும் 4 பேர்

* பீலே (பிரேசில்): 1958, 1962, 1970 என 3 உலகக் கோப்பைகளை வென்ற ஒரே வீரர். முதல் கோப்பையை வென்றபோது வயது 17. பிரேசிலுக்காக 92 ஆட்டங்களில் 77 கோல்கள்.
* மரடோனா (அர்ஜென்டினா): 1986 உலகக் கோப்பையில் 5 கோல் அடித்து, இன்னும் 5 கோல்களுக்குப் பந்தைக் கொடுத்தவர். இத்தாலியின் நாப்போலி கிளப்புக்கு அதன் வரலாற்றிலேயே முதல் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர்.
* மெஸ்ஸி (அர்ஜென்டினா): 8 முறை பாலன் டி ஓர் விருது. பார்சிலோனாவுக்காக 778 ஆட்டங்களில் 672 கோல்கள். 2022 உலகக் கோப்பை.
* ரொனால்டோ (போர்ச்சுகல்): 5 பாலன் டி ஓர், 5 சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள், 2016 யூரோ கோப்பை. ரியல் மாட்ரிட்டுக்காக 438 ஆட்டங்களில் 450 கோல்கள்.

பட்டியலைப் பார்த்தால் யார் ரசிகரும் ஜெயித்துவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அளவுகோலையும் எடுத்துப் பார்த்தால் எங்கேயோ இடிக்கிறது.

அளவுகோல் 1: கோல் எண்ணிக்கை

பீலே 1,363 ஆட்டங்களில் 1,279 கோல் அடித்தார் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. இதில் நட்பு ஆட்டங்களும் அடங்கும். அதைக் கழித்துவிட்டால் 750-க்குச் சற்று மேலேதான் நிற்கும். ‘அப்போ மத்ததெல்லாம் சும்மாவா?’ என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. பீலேவின் சான்டோஸ் கிளப் ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடித்தான் வருமானம் ஈட்டியது. அப்படி எதிரில் நின்ற அணிகளில் ஐரோப்பாவின் பெரிய கிளப்களும் உண்டு.

ரொனால்டோ 2024 செப்டம்பரில் 900-வது கோலைத் தொட்டார். அத்தனையும் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் அடித்தவை. ‘அப்போ அவர்தான் பெஸ்ட்’ என்று முடித்துவிடலாமா? முடித்தால் மரடோனா பட்டியலிலேயே இருக்க மாட்டார். அர்ஜென்டினாவுக்காக 91 ஆட்டங்களில் அவர் அடித்தது 34 கோல்தான். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்த்த யாரும் அவரை 34 என்ற எண்ணுக்குள் அடைக்க மாட்டார்கள்.

அளவுகோல் 2: பாலன் டி ஓர்

‘மெஸ்ஸிக்கு எட்டு, ரொனால்டோவுக்கு அஞ்சு, பீலேவுக்கும் மரடோனாவுக்கும் பூஜ்ஜியம்!’ இணையத்தில் அடிக்கடி பார்க்கும் வாதம் இது. இதில் மறைந்திருக்கும் உண்மை என்னவென்றால், அவர்கள் ரெண்டு பேரும் அந்தப் போட்டியிலேயே இல்லை.

‘பிரான்ஸ் ஃபுட்பால்’ பத்திரிகை 1956-ல் தொடங்கிய இந்த விருது 1994 வரை ஐரோப்பிய வீரர்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. 1995-ல்தான் ஐரோப்பிய கிளப்களில் ஆடும் மற்ற நாட்டவருக்கும் கதவு திறந்தது. அந்த ஆண்டே லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வென்றார். உலகில் எங்கு ஆடினாலும் தகுதி உண்டு என்ற விதி வந்தது 2007-ல்.

2016-ல் அதே பத்திரிகை பழைய ஆண்டுகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் பீலேவுக்கு 7, மரடோனாவுக்கு 2 கிடைத்திருக்கும் என்று முடிவு சொன்னது. 8-க்கும் 0-க்கும் நடந்த சண்டை, இந்தக் கணக்கில் 8-க்கும் 7-க்குமான சண்டையாக மாறிவிடுகிறது.

அளவுகோல் 3: உலகக் கோப்பை

‘உலகக் கோப்பை ஜெயிக்காதவன் எப்படி கோட்?’ இது அடுத்த கேள்வி. அப்படிப் பார்த்தால் ரொனால்டோவை விட்டுவிடுவோம், நெதர்லாந்தின் யோஹான் கிரைஃபும் வெளியே போய்விடுவார். ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோ உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஜார்ஜ் வேயாவின் லைபீரியா தகுதிச் சுற்றையே தாண்டியதில்லை. எந்த நாட்டில் பிறக்கிறோம் என்பது வீரர் கையிலா இருக்கிறது?

பீலேவின் 3 கோப்பைகளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1962-ல் ரெண்டாவது ஆட்டத்திலேயே அவர் காயமடைந்தார். மீதித் தொடரைத் தூக்கிச் சுமந்தவர் கரிஞ்சா.

மெஸ்ஸிக்கும் இது பொருந்தும். 2022 டிசம்பர் 18, பிரான்ஸுடன் இறுதி ஆட்டம். 3-3 என்ற நிலையில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கோலோ முவானி தனியாக நின்று கோலை நோக்கி அடித்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் பெனால்டி ஷூட் அவுட் கிடையாது, கோப்பையும் கிடையாது. மெஸ்ஸியின் திறமையில் ஒரு குறையும் வந்திருக்காது, ஆனால் ‘கோட்’ விவாதத்தில் அவர் இடம் மாறியிருக்கும்.

அளவுகோல் 4: ஆடிய காலம்

பீலே ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகளே கிடையாது. ரெண்டுமே அறிமுகமானது 1970-ல்தான். மாற்று வீரரை இறக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. 1966-ல் போர்ச்சுகல் வீரர்கள் பீலேவை அடித்து வீழ்த்தியபோது, நொண்டிக்கொண்டே மைதானத்தில் நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

மரடோனாவுக்கு 1983-ல் ஸ்பெயின் லீக் ஆட்டம் ஒன்றில் கணுக்காலே முறிந்தது. இன்றைய நட்சத்திரங்களுக்கு நடுவரும் விதிகளும் கொடுக்கும் பாதுகாப்பு அன்று இல்லை. மறுபக்கம், 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிவிட்ட கோல், வீடியோ நடுவர் இருக்கும் இன்றைய உலகக் கோப்பையில் செல்லாது. அதே ஆட்டத்தில் 4 நிமிடம் கழித்து, பாதி மைதானத்தைக் கடந்து ஓடி அவர் அடித்த கோல் எந்தக் காலத்திலும் செல்லும்.

இன்னொன்று, பதிவு. மெஸ்ஸி, ரொனால்டோவின் ஒவ்வொரு தொடுதலும் பல கேமராக்களில் இருக்கிறது. தான் அடித்ததிலேயே அழகானது என்று பீலே சொன்ன 1959-ம் ஆண்டு கோலுக்குப் படப்பதிவே இல்லை. நேரில் பார்த்தவர்கள் சொன்னதை வைத்துப் பின்னாளில் கணினியில் உருவாக்கினார்கள்.

கணக்கிலேயே வராதவர்கள்

2021 செப்டம்பரில் ஈரானின் அலி டாயியின் 109 கோல்களை ரொனால்டோ தாண்டினார். ‘சர்வதேச கால்பந்தில் அதிக கோல்’ என்று பல தலைப்புச் செய்திகள். உண்மையில் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் அதற்கு முந்தைய ஆண்டே 185 கோல்களைத் தொட்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 190. தலைப்பில் ‘ஆண்கள்’ என்ற ஒரு சொல் விடுபட்டதில் ஒரு சாதனையாளரே காணாமல் போனார்.

பிரேசிலின் மார்த்தா, 2019-ல் உலகக் கோப்பையில் தன் 17-வது கோலை அடித்தார். ஆண்கள் பிரிவில் அன்று சாதனையாக இருந்த ஜெர்மனியின் க்ளோசாவின் 16-ஐ அது தாண்டியது. ஆனால் ‘யார் கோட்?’ என்று கேட்டால் எத்தனை பேர் மார்த்தா பெயரைச் சொல்கிறோம்?

பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆட 1941-ல் தடை போட்டார்கள். நீக்கியது 1979-ல். பீலே பிறந்ததற்கு அடுத்த ஆண்டு வந்த தடை, அவர் ஓய்வு பெற்று 2 ஆண்டு கழித்துத்தான் விலகியது. அவர் ஆடிய காலம் முழுக்க, அதே நாட்டில் அதே திறமையோடு பிறந்த ஒரு பெண்ணுக்கு மைதானமே கிடையாது. ‘எல்லாக் காலத்திலும்’ என்று நாம் சொல்லும்போது, வாய்ப்பே கிடைக்காதவர்களை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறோம்.

சரி, அப்போ யார்தான் கோட்?

எதை மதிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

* உலகக் கோப்பை வெற்றிதான் முக்கியம் என்றால், பீலே.
* பெரிய பலமில்லாத அணியை ஒருவரே உச்சிக்குக் கொண்டுபோவதுதான் அளவு என்றால், மரடோனா. இத்தாலியின் வடக்கு நகரங்கள் கோலோச்சிய லீக்கில் தெற்கின் நாப்போலி 1987, 1990-ல் பட்டம் வென்றது. அவர் போன பிறகு அடுத்த பட்டத்துக்கு 2023 வரை காத்திருந்தது.
* கோல், விடாமுயற்சி, எந்த நாட்டு லீக்கிலும் சாதிப்பது என்றால், ரொனால்டோ.
* கோல் அடிப்பது, அடிக்கவைப்பது, 15 ஆண்டுகளுக்கு மேல் உச்சத்தில் நிற்பது எல்லாம் சேர்த்து என்றால், மெஸ்ஸி.

ஒரே பெயர்தான் வேண்டும் என்றால், அதிக அளவுகோல்களில் முன்னால் நிற்பவர் மெஸ்ஸி. ஆனால் அந்த அளவுகோல்களில் பல, அவர் காலத்தில்தான் உலக வீரர்கள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை டீக்கடையிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ இந்தச் சண்டை கிளம்பினால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்க: ‘எதை வச்சு சொல்றீங்க?’ பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி முடியாது, அது ரசிகர்களின் உரிமை!