லேண்ட்ரோவரில் வந்தவர்கள் கண்ட சங்கம்

அரும்பாவூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மரச்சிற்பம்தான் நினைவுக்கு வரும். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அரசியலை வேடிக்கை பார்க்கிறவருக்கு இந்தச் சீமையில் கண்ணில் படுவது வேறு. பெரம்பலூர் தாண்டி அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று கிழக்கே போகப் போக, ஊர் முகப்பில் கட்சிக் கொடிகளுக்கு நடுவே சாதிச் சங்கத்தின் கொடியும் பறக்கும். ஜனநாயகத்தைப் பிடித்த நோய் இது என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஜனநாயகம் இந்த மண்ணில் கால் ஊன்றிய வழிகளில் இதுவும் ஒன்று என்று அழுத்தமாக எழுதியவர்கள் ஓர் அமெரிக்கத் தம்பதி. அவர்களுக்கு அந்த எண்ணம் பிறந்த கதை இது.

லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப். ஹார்வர்டில் அரசியல் படித்தவர்கள். சூசன் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு சிறுமியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். ஒரு ஜனநாயகம் எப்படிச் செத்தது என்பதைக் குடும்பக் கதையாகவே அறிந்தவருக்கு, இன்னொன்று எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கும் ஆவல் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1956இல் இருவரும் லண்டனில் ஒரு லேண்ட்ரோவரை எடுத்துக்கொண்டு தரைவழியாகவே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். இருவருக்கும் அப்போது முப்பது ஆகவில்லை.

இந்த மாதிரிப் பயணத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1831இல் பிரான்சிலிருந்து அலெக்ஸி தொக்வில் என்ற 25 வயது இளைஞர் அமெரிக்காவுக்குப் போனார். போன வேலை அந்நாட்டுச் சிறைச்சாலைகளைப் பார்ப்பது. ஒன்பது மாதம் சுற்றிவிட்டு அவர் எழுதியதோ ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ என்ற பெரும் நூல். எதற்கெடுத்தாலும் சங்கம் வைக்கிறார்களே இந்த மக்கள் என்று அவருக்கு வியப்பு. அந்தச் சங்கங்கள்தான் ஜனநாயகத்தின் பள்ளிக்கூடம் என்று அவருக்குப் பட்டது. ஆனால் அங்கே சேர்கிறவர் தானாகச் சேர்ந்தார், வேண்டாமென்றால் விலகினார். பிறப்பால் சேரும் கூட்டத்தை அந்தக் கணக்கில் எப்படி வைப்பது?

ருடால்ஃப் தம்பதிக்கு முதல் அடி விழுந்தது தஞ்சாவூர் மாவட்டத்தில். 1957இல் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கேள்வித்தாளோடு கிராமங்களுக்குப் போனார்கள். அமெரிக்க முறைப்படி, தேர்ந்தெடுத்த ஆளைத் தனியே உட்காரவைத்து அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்டு எழுத வேண்டும். இங்கே அது நடக்குமா? வெளியூர்க்காரர் திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டார் வருவார்கள், பக்கத்து வீட்டார் வருவார்கள், கேள்வி ஒருவருக்கு என்றால் பதில் ஒன்பது பேரிடமிருந்து வரும். ‘இவனை எதுக்குக் கேக்குறீங்க, பெரியவரைக் கேளுங்க’ என்று சொல்ல ஒருவர் இல்லாத ஊர் உண்டா? தனி மனிதரின் தனிக் கருத்து என்ற பொருளைத் தேடிப் போனவர்களுக்குக் கூட்டம்தான் கிடைத்தது. அந்த அனுபவத்தை 1958இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும், மேற்கத்திய அளவுகோலை எங்கும் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டித்துப் பேசியபோது சூசன் இதே அனுபவத்தைத்தான் எடுத்துவைத்தார்.

கூட்டத்தைத் தொல்லையாக நினைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் கூட்டத்தையே பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது மதராஸ் மாநிலத்தில் பார்க்கக் கிடைத்த பெரிய உதாரணம் வன்னியர் சங்கங்கள்.

அவற்றின் வேர் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பில் இருந்தது. வெள்ளையர் அரசு சாதிவாரியாகத் தலை எண்ணி, யார் மேல், யார் கீழ் என்று அச்சடிக்கத் தொடங்கியதும், 1871 கணக்கெடுப்பிலேயே தங்களைச் சத்திரியர் என்று பதியும்படி வன்னியரிடமிருந்து விண்ணப்பம் போனது. 1888இல் சென்னையில் சங்கம் வந்தது. 1931 கணக்கெடுப்புக்குள் பழைய பெயர் போய் வன்னியகுல சத்திரியர் என்பது ஏறிவிட்டது. அதுவரை கேட்டது மரியாதை. வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்று ஆனதும் கேட்பது மாறியது. கடலூரின் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சி. 1952 தேர்தலில் முன்னதற்கு 19 இடம், பின்னதற்கு 6. மொத்தம் 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். அந்த 25 பேரின் எடை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. மாணிக்கவேலர் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். 1954இல் காமராஜர் முதல்வரானதும் படையாட்சியும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

இதில் ருடால்ஃப் தம்பதி கண்டது என்ன? சாதி, தன் பழைய வேலையான தீண்டாமையையும் கட்டுப்பாட்டையும் காப்பதை மட்டும் செய்யவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், மாநாடு நடத்தவும், பேரம் பேசவும், எழுத்தறியாத விவசாயிக்கு வாக்குச்சீட்டின் மதிப்பைச் சொல்லவும் கற்றுக்கொண்டிருந்தது. பிறப்பால் வந்த உறுப்பினர்தான், ஆனால் சங்கத்தில் சேர்வதும் அதற்கு வாக்களிப்பதும் அவர் முடிவு. இதை 1960இல் கட்டுரையாக எழுதினார்கள். அதே ஆண்டில்தான் இன்னோர் அமெரிக்கர், செலிக் ஹாரிசன், சாதியும் மொழியும் இந்தியாவைச் சிதறடித்துவிடும் என்று அஞ்சிப் புத்தகம் போட்டிருந்தார். நவீனம் வந்தால் சாதி தானே உதிரும் என்பது மார்க்ஸ் முதல் பலரின் நம்பிக்கை. இரண்டுக்கும் மறுப்பாக 1967இல் வந்தது ருடால்ஃப் தம்பதியின் ‘மரபின் நவீனத்தன்மை’.

பாதி சரியாகக் கண்டார்கள் என்பேன். அடுத்த அத்தியாயத்தை எழுதியது போராட்டக் களம்தான்: 1980இல் வன்னியர் சங்கம், இடஒதுக்கீடு கேட்டு 1987 செப்டம்பரில் சாலை மறியல், அதில் துப்பாக்கிச் சூடு, 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு, அதே ஆண்டில் பாட்டாளி மக்கள் கட்சி. அவர்கள் சொன்ன வழியில்தான் எல்லாம் நடந்தது. ஆனால் சங்கம் வலுத்த ஊரில் சேரிக்காரருக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு அந்தப் பார்வையில் போதிய இடம் இல்லை. ஒரு கூட்டம் எழுவதை மேடையிலிருந்து பார்த்தால் ஜனநாயகம். பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்போதும் அப்படித் தெரிவதில்லை. லேண்ட்ரோவர் அந்தத் தெருவில் நின்றிருந்தால் புத்தகம் வேறு மாதிரி வந்திருக்கும்.

இந்திய அரசு 2014இல் இருவருக்கும் பத்மபூஷண் கொடுத்தது. சூசன் 2015 டிசம்பரிலும் லாயிட் அடுத்த மாதமும் மறைந்தார்கள். கணக்கெடுப்பில் தொடங்கிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த 2021 சட்டத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, நடப்புப் புள்ளிவிவரம் இல்லை என்பது. 2025 ஏப்ரலில், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்த்து எண்ணப்போவதாக மத்திய அரசு அறிவித்தது.