தீவுகளில் திரியும் பூனைகள்: எண்ணிக்கையை மதிப்பிடுவது எவ்வாறு?

ஒரு தீவில் இருபது பூனைகள் கண்ணில் பட்டால், அங்கு இருபது பூனைகளே உள்ளன என்று கொள்ளலாகாது. வளர்ப்போரின்றித் திரியும் பூனைகள் பெரும்பாலும் இரவில் இரைதேடி, பகலில் பதுங்குபவை. ஆகவே அவற்றின் எண்ணிக்கை மதிப்பிடப்படுகிறது.

சுகாதாரத்துடன் என்ன தொடர்பு?

டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனைக் குடும்ப விலங்குகளின் மலத்தின் வழியாக மண்ணில் பரவுகிறது. கர்ப்பிணிக்கு முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் கருவிலுள்ள குழந்தையின் மூளையும் கண்களும் பாதிக்கப்படலாம். ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் செம்மறியாடுகளின் கருச்சிதைவுக்கும் இத்தொற்று ஒரு காரணமாக உள்ளது.

எவ்வாறு மதிப்பிடுகின்றனர்?

• முதற்கட்டமாக 40 பூனைகளைப் பிடித்து, அடையாளமிட்டு விடுவிப்பதாகக் கொள்வோம்.
• இரண்டாம் கட்டத்தில் பிடிபடும் 50 பூனைகளுள் 10 மட்டும் அடையாளமுள்ளவை எனில், மொத்தம் ஏறத்தாழ 40 × 50 ÷ 10 = 200 ஆகும்.
• தானியங்கிக் கேமராப் படங்களில் உடற்கோடுகளைக் கொண்டும் பூனைகளை வேறுபடுத்தலாம். முழுக்கறுப்புப் பூனைகளிடம் இம்முறை எளிதில் பயன்படாது.

பிழை எங்கு நேர்கிறது?

ஒருமுறை பிடிபட்ட பூனை மீண்டும் கூண்டை அண்டாவிடில், மதிப்பீடு உண்மையை விட மிகும். இரைக்காக அதே பூனை திரும்பத் திரும்ப வந்தால் குறையும். இடையில் குட்டிகள் பிறப்பதும் கணக்கை மாற்றும். எனவே ஒரே எண்ணாகக் கூறாமல், கீழ்வரம்பும் மேல்வரம்பும் சேர்த்துக் கூறுவதே முறை.

மரியான் தீவு தரும் பாடம்

தென்னாப்பிரிக்காவுக்குரிய மரியான் தீவுக்கு, எலிகளைக் கட்டுப்படுத்த 1940-களின் இறுதியில் ஐந்து பூனைகள் கொண்டுவரப்பட்டன. 1977-இல் அவற்றின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 3,400 என மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டு பூனைகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று அங்குப் பரப்பப்பட்டது. 1982-இல் எண்ணிக்கை சுமார் 615 ஆகக் குறைந்தது. பின்னர்க் குறையும் வேகம் தளர்ந்தது. மீண்டும் மீண்டும் மதிப்பிட்டதாலேயே வைரஸ் மட்டும் போதாது என்பது புலனாயிற்று. இரவு வேட்டையும் பொறிகளும் சேர்ந்தே 1991-இல் பணியை முடித்தன. பூனை தென்படவில்லை என்பது, பூனை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பூனையின் கழிவை நாள்தோறும் அகற்றுங்கள். வெளியேறிய ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும்.
• கர்ப்பிணிகள் இப்பணியைப் பிறரிடம் விடுவது நன்று.
• மண்ணைக் கையாண்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். இறைச்சியை நன்கு வேகவையுங்கள்.
• அச்சத்தால் வளர்ப்புப் பூனையை வெளியே விட்டுவிடாதீர்கள். மரியான் தீவில் தொடக்கம் ஐந்து பூனைகளே.