டி.ஏ.எம்.ஐ. ஷோ

டி.ஏ.எம்.ஐ. ஷோ, ராக் இசைக்குழுக்களையும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றி 1964இல் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் கச்சேரிப் படமாகும். தலைப்பெழுத்துகளுக்கு விளம்பரங்களிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட விரிவுகள் வழங்கின. எல்லாம் பதின்பருவத்தினரின் இசையைச் சுட்டுவன என்பதில் மட்டும் ஐயமில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 28, 29 ஆகிய நாள்களில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகர அரங்கில், இலவச அனுமதிச் சீட்டு பெற்று வந்த உள்ளூர்ப் பள்ளி மாணவர்களின் கூச்சலுக்கு நடுவே ஸ்டீவ் பைண்டர் இதனை இயக்கினார். ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த 'ஹாம்லெட்' நாடகத்தைப் பதிவு செய்த எலக்ட்ரானோவிஷன் முறையே இதற்கும் பயன்பட்டது. அதாவது, வழக்கமான அமெரிக்கத் தொலைக்காட்சியின் 525 வரிகளை விடக் கூடுதல் வரிகளில் மின்னணுக் கேமராக்கள் பிடித்த காட்சி, பின்னர் திரையரங்குக்குரிய படச்சுருளுக்கு மாற்றப்பட்டது. எந்தக் கேமராவின் காட்சி வேண்டுமென்பதை இயக்குநர் கச்சேரி நடக்கும்போதே முடிவு செய்ததால், சினிமாவின் மெருகு குறைந்தாலும் நேரில் பார்ப்பதன் பதற்றம் படத்தில் தங்கிவிட்டது.

சக் பெர்ரி பாடத் தொடங்கும் பாட்டை இங்கிலாந்தின் ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு இடையில் வாங்கிக்கொள்ளும் தொடக்கமே, ராக் இசை எங்கிருந்து எங்கே போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறது. மார்வின் கே, சுப்ரீம்ஸ், ஸ்மோக்கி ராபின்சன், பீச் பாய்ஸ் முதலியோர் தொடர்ந்து வருகின்றனர். நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் அவ்வாண்டு ஜூலையில்தான் நிறைவேறியிருந்தது என்பதால், கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒரே மேடையில் கலந்ததைச் சாதாரணமாகக் கொள்ள இயலாது.

படத்தின் உச்சம் ஜேம்ஸ் பிரவுன். தேவாலயப் பாடல் மரபும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து உருவான சோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான அவர், தளர்ந்ததுபோல் மண்டியிடுவதும், தோளில் போர்த்தப்பட்ட மேலங்கியை உதறிவிட்டு ஒலிவாங்கிக்கே திரும்புவதுமாக அரங்கைக் கலக்கினார். அடுத்து வந்து நிறைவு செய்ய வேண்டியிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், அவருக்குப் பின் மேடையேறியது பெரும் பிழையெனப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டனர். எனினும் அக்குழுவின் பாடகர் மிக் ஜாகரின் ஆட்டம் அன்று சோடை போகவில்லை.

டிசம்பரில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் படத்தை வெளியிட்டது. முதற்சுற்றுத் திரையிடலுக்குப் பின், உரிமைச் சிக்கலால் பீச் பாய்ஸ் பகுதி வெட்டப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2006இல் இடம்பெற்ற இப்படம், 2010இல் வெளிவந்த டிவிடியில்தான் அக்குழுவின் நான்கு பாடல்களையும் மீளப் பெற்றது.